தம்பி விட்டுப்போன தொட்டியும் பச்சைப் பாசியும்



போன வாரம் நான் போட்ட மீன்தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எப்போ சார் மீன் வளர்க்க ஆரம்பிச்சீங்க?" என்று ஏழெட்டுப் பேர் போனில் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சுருக்கமாக எழுத எனக்கு வராது என்பது, என் கரும்பலகையை நகல் எடுத்துக் கைவலி கண்டவர்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி என்னுடையது இல்லை. என் தம்பியுடையது. மூர்த்திக்குப்பம் பக்கம் படகு இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருந்தானே, அவனை உங்களில் பலருக்குத் தெரியும். 2023 ஆனியில் தூக்கத்திலேயே போய்விட்டான். ஐம்பத்து மூன்று வயது. அவன் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 130 லிட்டர். மணலும் கல்லும் போக நூறு லிட்டர் கடல்நீர். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு இறால், ஒரு டஜன் நத்தை, இரண்டு சங்கு நண்டு, அப்புறம் அவனுடைய உயிரான 'பொத்தான் பூ'.

அது பூ கிடையாது; பவளத்துக்குச் சொந்தக்கார விலங்கு. சட்டைப் பொத்தான் அளவில், ஓரத்தில் குஞ்சம் வைத்து, கல்லை ஒட்டி விரிந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஜோவாந்தஸ். கல்லாக உறையும் உண்மையான பவளத்தை நம் நாட்டில் வீட்டில் வைக்கக்கூடாது. 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் பட்டியலில், பவளத்தையும் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு வைத்த பூட்டு. தம்பி இதில் கண்டிப்பானவன். கல்லெல்லாம் சிமெண்டில் வார்த்தது. மீன்கூடக் கடலில் பிடித்ததில்லை, பொரிப்பகத்தில் பிறந்தது. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள ஆய்வு மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. மூன்று பொத்தானோடு சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு சின்னக் கல்லை வாங்கி வந்தான். அவன் போகும்போது அறுபதுக்கு மேல் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளும் அவனும் எண்ணுவார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தம்பி மனைவி என்னிடம், "மாமா, இதை யாருக்காவது குடுத்துடுங்க. பாக்க முடியலை" என்றாள். பிள்ளை அப்போது பிளஸ் ஒன். கதவோரம் நின்றிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, நீங்க வச்சுக்கோங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்றது. அப்படித்தான் நான்கு பேர் தூக்க, தொட்டி என் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. மீனைக் குழம்பில் பார்த்ததைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது.

மூன்று மாதத்தில் பாசி பிடிக்க ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு பொடி. துடைத்தால் போயிற்று. பிறகு கல்லின் மேல் பச்சையாகப் பூனைமுடி போல் ஒன்று. அதை நான் அழகு என்று நினைத்தேன், கல்லுக்குப் புல் முளைத்தது போல. ஐப்பசியில் அது விரல் நீளத்துக்கு வந்து, நீரோட்டத்தில் கூந்தல் மாதிரி ஆடியது. முடிப்பாசி என்றே அழைப்போம். பொத்தான் பூவின் சந்துகளில் புகுந்து மூடியது. மூடியவை விரியவில்லை. கையால் பிடுங்கினேன். நான்கு நாளில் திரும்ப வந்தது. குறுந்தொகையில் பரணர் ஊர்க்கிணற்றுப் பாசியைப் பசலைக்கு உவமை சொல்லியிருப்பதை எத்தனை முறை நடத்தியிருப்பேன். தொட்டால் விலகி, கையை எடுத்தால் மூடிக்கொள்ளும் அந்தப் பாசியை என் கூடத்தில் வைத்துக்கொண்டுதான் பரணர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று விளங்கிற்று.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

நாம் பாகூர்க்காரர்கள். நெல் வயல் பார்த்து வளர்ந்தவர்கள். நட்ட வயலில் பாசி படர்ந்து பயிர் மூச்சு முட்டினால் நம் அப்பாக்கள் என்ன செய்வார்கள்? மயில்துத்தத்தைச் சாக்குத் துணியில் கட்டி மடைவாயில் போட்டு வைப்பார்கள். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும்; பாசி வெளுத்துவிடும். நானே சிறுவயதில் அந்த மூட்டையைக் கட்டியிருக்கிறேன். 2024 தைப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், உரக்கடையில் கொஞ்சம் மயில்துத்தம் வாங்கி வந்து, ஒரு சிறு துணுக்கை வேட்டித் துணியில் முடிந்து, பம்பு தண்ணீர் கொட்டும் இடத்தில் தொங்கவிட்டேன். வயலுக்கு ஆவது தொட்டிக்கு ஆகாதா என்ற எண்ணம். யாரையும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கேட்கும் பழக்கம் போய்விடுகிறது.

மாலை ஐந்து மணிக்கு இறால் மல்லாந்து கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பயந்துபோய், மீன்வளம் படித்துவிட்டு ராமநாதபுரம் பக்கம் வேலையில் இருக்கும் என் மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். நான் சொன்னதைக் கேட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "என்ன சார் பண்ணிட்டீங்க? மீனை உடனே வேற தண்ணிக்கு மாத்துங்க சார். மத்ததை இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்கு செம்பு. மிச்சம் இருந்த துணுக்கை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கரைந்தது 100 மில்லிகிராம். அதாவது செம்பு 25 மில்லிகிராம். நூறு லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்குக் கால் மில்லிகிராம். நோய் வந்த கடல்மீனுக்கு மருந்தாகப் போடும் அளவே ஏறக்குறைய இதுதானாம். அதனால் மீன் பிழைத்தது. ஆனால் எலும்பில்லாத உயிர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே நஞ்சு. நத்தை, இறால், நண்டு, பொத்தான் பூ எல்லாம் அந்த வகுப்பு. முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்று பலகையை இரண்டாகப் பிரித்து ஆண்டுதோறும் எழுதிப் போட்டவன் நான்.

இரண்டு நாளில் பொத்தான் பூக்கள் கூழாகிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், பாசி முழுதாகச் சாகவில்லை. வெளுத்தது, அவ்வளவுதான்.

பிள்ளை சனிக்கிழமை வந்தது. தொட்டியைப் பார்த்தது. நான் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அழும், கத்தும் என்று எதிர்பார்த்தேன். "சரி பெரியப்பா" என்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் மரியாதையாக நின்று பேசும். வீட்டுக்கு மட்டும் வராது. என் வீட்டுக்காரி, "அது அவங்க அப்பனை இரண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி" என்றாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மாணவன்தான் விடவில்லை. செம்பு சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் ஒட்டிக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதால் மணல், கல் எல்லாவற்றையும் எறியச் சொன்னான். புது மணல், புதுக் கல். வடிகட்டியில் கரி. செம்பு இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்து வாங்கி வாரா வாரம் சோதனை. நிறம் மாறாமல் ஆறு வாரம் போன பிறகு ஒரே ஒரு நத்தையை விட்டேன். அது செத்தால் அந்தப் பழியும் என் மேல். சாகவில்லை.

இதற்குள் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு போன். தம்பியின் தொழில் சிநேகிதர். "உங்க தம்பி நாலு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு துண்டு குடுத்தாருங்க. அது எங்க தொட்டியில நல்லா வந்திருக்கு. பாப்பாவுக்கு அதுல கொஞ்சம் குடுக்கலாமா?" என்றார். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களிடம் இது ஒரு வழக்கமாம். நன்றாக வளர்ந்ததில் ஒரு துண்டை உடைத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் தொட்டி போனாலும் அங்கே இருக்கும். கொடுத்து வைத்தவன் என்று நாம் சொல்கிறோமே, என் தம்பி அப்படிக் கொடுத்து வைத்திருந்தான். வைகாசியில் அவர் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். ஒன்பது பொத்தான்கள். நான் பிள்ளைக்கு ஆள் அனுப்பவில்லை. நானே போய்ச் சொன்னேன். அன்று மாலை வந்து, குனிந்து, எண்ணிப் பார்த்துவிட்டுப் போனது. பேசவில்லை.

ஆவணியில் பாசி மறுபடி வந்தது. அதே முடிப்பாசி.

இந்த முறை மயில்துத்தம் பக்கமே போகவில்லை. "சார், பாசியைக் கொல்றதை விடுங்க. அதுக்கு யாரு சாப்பாடு போடறாங்கன்னு பாருங்க" என்றான் மாணவன். பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். நெல்லுக்கு யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுகிறோமே, அதே விஷயம்தான். தொட்டி நீரைச் சோதித்தால் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம். பத்துக்குள் இருப்பது நல்லதாம். மீனுக்கு அவ்வளவு தீனி நான் போடவில்லையே என்று யோசித்தேன். பிறகு எங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதித்தேன். 25.

இங்கேதான் கணக்கு வாத்தியார் வேலை வந்தது. நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருப்பது உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததற்கு நான் தினமும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். மாதம் 60 லிட்டர். லிட்டருக்கு 25 மில்லிகிராம் வீதம் 1500 மில்லிகிராம். நூறு லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 15. ஆக, மீனுக்கு ஒரு பருக்கை போடாவிட்டாலும் மாதத்துக்கு 15 ஏறுகிறது! சுற்றிலும் வயல், வயலுக்கு உரம், உரம் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து என் கையால் தொட்டிக்கு. நான்தான் சாப்பாடு போட்டவன்.

சரி, சுத்திகரித்த தண்ணீர் ஊற்றலாம் என்று வீட்டு ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரைச் சோதித்தால் அதிலும் உப்பளவு 80 காட்டியது. ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் ஒரு திருகு அந்த இயந்திரங்களில் இருக்கிறது. மெக்கானிக்கை வரவழைத்து அதை முழுக்க மூடிய பிறகு 8-க்கு இறங்கியது. குடிக்கத் தனியாகவும் தொட்டிக்குத் தனியாகவும் பிடிக்க வேண்டியிருப்பதால் வீட்டுக்காரிக்கு இன்றுவரை இதில் மனத்தாங்கல்.

கடல்நீரிலும் நான் ஏமாந்திருந்தேன். தம்பி படகுக்காரர்களிடம் சொல்லி, பங்குனி சித்திரையில், அலை உடையும் இடத்தைத் தாண்டி உள்ளேயிருந்து கேனில் எடுத்துவரச் செய்வான். நான் கார்த்திகை மழை முடிந்த கையோடு கரையில் நின்று மொண்டு வந்தேன். அந்த நேரத்தில் தென்பெண்ணையும் நம் வாய்க்கால்களும் வயலைக் கழுவிக் கொண்டுபோய்க் கொட்டும் தண்ணீர்தான் கரையோரம் நிற்கிறது. உப்பும் குறைவு, உரமும் அதிகம்.

ஏறிக்கிடந்த 50-ஐ இறக்குவதற்கு வாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். 50, 40, 32, 25.6, 20.5, 16.4. கூட்டு வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது போல. ஒரே நாளில் எல்லாத் தண்ணீரையும் மாற்றினால் ஆகாதா என்று கேட்பீர்கள். பாசிக்கு ஆகும், பொத்தான் பூவுக்கு ஆகாது. விளக்கைப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஏழு மணி நேரமாகக் குறைத்தேன். தீனி ஒருவேளை, அதுவும் இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. நத்தைகள் பன்னிரண்டு.

பிடுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முன்பு தொட்டிக்குள்ளேயே பிய்த்துக்கொண்டிருந்தேன். பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் வேறொரு கல்லில் போய் ஒட்டிக்கொண்டு முளைத்தது. இப்போது ரப்பர் குழாயின் வாயில் பல் துலக்கும் பிரஷைக் கட்டி, தேய்க்கும்போதே தண்ணீரோடு வாளிக்கு இழுத்துவிடுகிறேன். கையுறை கட்டாயம். பொத்தான் பூ வகைகள் சிலவற்றில் கடுமையான நஞ்சு உண்டு. கையில் வெட்டுக்காயத்தோடு தொடுவதும், அந்தக் கல்லை வெந்நீரில் போட்டு ஆவியை முகர்வதும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். இந்த எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

துணுக்கு விஷயத்தைச் சொன்னதும் மாணவன் எனக்குக் குருசடைத் தீவுக் கதையைச் சொன்னான். பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தீவு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1990-களில் பிலிப்பைன்ஸ் வழிவந்த கப்பாபைக்கஸ் என்ற பாசியை மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கும் கெட்டிப் பொருள் அதிலிருந்து வருகிறது. பிறகு ஒரு பெரிய நிறுவனம் இறங்க, மூங்கில் மிதவையில் கட்டிப் பாக் நீரிணைக் கரையில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வளர்த்தன. அதுவரை கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் முங்கி எடுத்துக் கையைக் கிழித்துக்கொண்ட பெண்களுக்கு இது நல்ல வருமானம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேலேயே அது படர்ந்து மூடிக்கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மிதவையில் கட்டி வளர்ப்பது அவ்வளவு கெடுதல் இல்லை என்று வாதாடியவர்களும் உண்டு. வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்தது. பிய்க்கும்போது சிதறும் துணுக்கும், பவளத்தின் இடுக்கில் தங்கும் வேரடியும் திரும்ப முளைத்தன. என் தொட்டியில் நடந்ததேதான், கடல் அளவில்.

ஹவாய்த் தீவில் ஒரு விரிகுடாவில் இதே பாசி பரவியபோது, படகில் பம்பு வைத்து, முங்குநர்கள் பிய்க்கப் பிய்க்க உறிஞ்சி எடுத்தார்கள். என் குழாயும் பிரஷும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பொரிப்பகத்தில் வளர்த்த கடல் முள்ளெலிகளை அங்கே விட்டார்கள், மிச்சத்தை மேய்வதற்கு. மேய்பவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கரீபியன் கடலில் பார்த்தார்கள். 1983-இல் ஒரு நோய் வந்து அங்கிருந்த நீள்முள் முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓராண்டுக்குள் செத்துப்போயின. மீனையும் ஏற்கெனவே அதிகம் பிடித்துவிட்டிருந்த ஜமைக்காவில் பவளம் இருந்த இடமெல்லாம் பாசிக்காடு. என் பன்னிரண்டு நத்தைகளை நான் அதன்பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கார்த்திகை வரை ஒருவழியாகப் பாசி பாதி குறைந்தது. பிறகு ஃபெஞ்சல் புயல்.

2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் கொம்யூனில் ஆற்றோர ஊர்களையெல்லாம் மூழ்கடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்றது, வாசல்படி தாண்டவில்லை. ஆனால் கரண்ட் இல்லை. பம்பு நின்றது. ஓடாத தண்ணீரில் காற்று போதுமான அளவு கரையாது. சிறு தொட்டியில் சில மணி நேரம்தான் தாங்கும். பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழி இயந்திரம் ஒன்று இருந்தது, அது முதல் ராத்திரியே தீர்ந்துவிட்டது.

ஒரு சொம்பை எடுத்து, தொட்டியிலிருந்து மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தேன். அறுபத்தாறு வயதுத் தோள். அரை மணி நேரத்தில் கழன்றுவிடும் போல் ஆயிற்று. விடியற்காலை நாலு மணி இருக்கும், கதவைத் தட்டும் சத்தம். முழங்கால் தண்ணீரில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டோடு பிள்ளை நிற்கிறது. பின்னால் அவள் அம்மா. "அப்பா கரண்ட் போனா சொம்பாலதான் ஊத்துவாரு. நீங்க ஊத்தறீங்களான்னு பாக்க வந்தேன்" என்றது. சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

மூன்று நாள் மாற்றி மாற்றி ஊற்றினோம். நான், பிள்ளை, அவள் அம்மா, என் வீட்டுக்காரி. சும்மா ஊற்ற முடியாதே, பேச்சு வந்தது. தம்பி கதைகள்தான். இரண்டாம் ராத்திரி பிள்ளை, "மயில்துத்தத்தை அப்பாவும் ஒருதரம் போடலாமான்னு கேட்டாரு பெரியப்பா. நான்தான் நெட்ல பாத்துட்டு வேணாம்னு சொன்னேன். நீங்களும் என்னைக் கேட்டிருக்கலாம்" என்றது. நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். "கேட்டிருக்கணும்மா" என்றேன்.

ஒரு மீன் போயிற்று, ஆண். மற்றொன்று பிழைத்தது. நத்தை நான்கு செத்தன. ஒன்பது பொத்தானும் பிழைத்தன. மூன்று நாள் இருட்டில் முடிப்பாசி தளர்ந்து, தொட்டாலே கையோடு வந்தது. வேண்டுமென்றே மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடிப் பாசியை வாட்டும் முறை ஒன்று உண்டாம். கரண்ட் இருக்கும்போது செய்வது.

தையில் மாணவன் சொல்படி இன்னொரு ஏற்பாடு செய்தோம். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி. அதில் கீட்டோ என்னும் ஒரு பாசி; பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போலவே உருண்டு கிடக்கும். பெரிய தொட்டித் தண்ணீர் அதன் வழியாகப் போய்த் திரும்பும். ராத்திரி முழுக்க அதற்கு மட்டும் விளக்கு. முடிப்பாசி தின்ன வேண்டிய உரத்தை இது தின்று பருக்கும். மாதம் ஒருமுறை அதில் பாதியை அறுத்து எடுத்துவிட்டால் உரமும் தொட்டியை விட்டுப் போயிற்று. பாசியைக் கொண்டே பாசியை எடுப்பது. மாசியில் நைட்ரேட் 10, சித்திரையில் 5. பூஜ்யத்துக்கு இறக்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு; அப்படிச் செய்தால் பொத்தான் பூ பட்டினி கிடக்கும், இதைவிட மோசமான சளிப்பாசி வரும். ஓர் ஓரத்தில் இறகு மாதிரி ஒரு பாசி மட்டும் பிடிவாதமாக இருந்தது. அது வேறு சாதி, நத்தையும் தொடாது. அந்தக் கல்லை அப்படியே வெளியே எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டேன். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

நீங்கள் பார்த்த படம் அதற்குப் பிறகு எடுத்தது. கல்லில் இங்கொன்றும் அங்கொன்றும் பச்சை தெரிகிறதே என்று ஒருவர் கேட்டார். தெரியத்தான் செய்யும். நத்தைக்குச் சாப்பாடு வேண்டாமா?

அறுக்கும் கீட்டோவை வாய்க்காலில் எறிந்துவிடலாமே என்று வீட்டுக்காரி கேட்டாள். நான் அவளுக்குத் தூலோனில் இருக்கும் நம் பெரியம்மா பேரன் சொன்ன கதையைச் சொன்னேன். 1984-இல் மொனாக்கோவில், கடல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, ஒரு சதுர மீட்டர் இடத்தில் கௌலெர்ப்பா என்ற பாசி தென்பட்டது. காட்சித் தொட்டிக்காக வைத்திருந்த வகை. சில ஆண்டுகளில் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கரையெல்லாம் அது. 2000-இல் கலிஃபோர்னியாவில் ஒரு காயலில் அதே வகை வந்தபோது தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் விட்டு, அழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. அவ்வளவு தூரம் போவானேன், நம் ஏரிகளில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான். எங்கள் வீட்டுக் கீட்டோ மொட்டைமாடியில் மொறுமொறுவென்று காய்ந்து, குப்பைக்குழிக்குப் போகிறது.

பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டது. மீன்வளப் படிப்பா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, பி.காம். எழுதப் படிக்கத் தொட்டிப் பக்கத்தில் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை எண்ணுகிறோம். நேற்றைக்கு 31. எனக்கு 30 தான் வந்தது. கண்ணாடியை மாற்றச் சொல்கிறது.

பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஐந்தாறு பொத்தான் ஒட்டிய ஒரு துண்டு கொடுக்கிறேன். டப்பா நீங்கள் கொண்டுவர வேண்டும். மயில்துத்தம் வீட்டில் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது.